ஐசக்கின் கைவழியே போன கயிறு

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பக்கம் ஐசக் சாரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் புவியியல் படித்தவர்கள். மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அவர் பலகையில் போட்ட அம்புக்குறிகளோடு இன்னும் நினைவில் வைத்திருப்பவர்கள். மீதிப் பேருக்கு அவர் ஓடக்காரர். ஒரே ஒரு நாடகம், அதுவும் கால் நூற்றாண்டுக்கு முன்னால் போட்டது. ஆனாலும் காய்கறிக் கடை அக்கா அவர் பையை நீட்டும்போதெல்லாம், "வா ஓடக்காரரே, இன்னா வேணும்? கத்திரிக்கா இப்பத்தான் வந்து எறங்கிக்கீது" என்றுதான் ஆரம்பிப்பாள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தது, தங்கைக்கு முதலில் முடிக்க வேண்டியிருந்தது, பிறகு வயது போய்விட்டது என்று காரணங்கள் உண்டு. கேட்பவர்களுக்கு அவற்றை அதே வரிசையில் சொல்லுவார். வண்டலூரில் இருக்கும் தங்கை ரத்தினபாய் மட்டும் நம்பமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தூக்குவாளியில் மீன்குழம்போடு வந்தால், ஒரு வார்த்தை குத்திவிட்டுத்தான் போவாள்.

"நீ அந்த ஓடத்துலேர்ந்து எறங்கவே இல்லண்ணே. அதுல வந்து ஏறுறதுக்கு எவளுக்குத் தலையெழுத்து?"

ஐசக் சிரிப்பார். மறுத்ததில்லை.

அந்த நாடகத்தின் பெயர் 'துறைமேட்டு விளக்கு'. எழுதி மெட்டுப் போட்டவர் தட்சிணாமூர்த்தி, தாம்பரம் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஆற்றில் வெள்ளம் வருகிறது. அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைக் கொண்டுவர ஓடக்காரன் கிளம்புகிறான். கரையில் அவன் மனைவி நிற்கிறாள். கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் பாட்டு. குழுவில் கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் கலந்திருந்தார்கள். நாடகம் போட அவர்களுக்கு முதலில் கிடைத்த ஒரே இடம் சர்ச்சை ஒட்டிய பாரிஷ் ஹால். ஹால் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. புருஷன் பெண்சாதி அல்லாத ஆணும் பெண்ணும் மேடையில் ஒருவரை ஒருவர் தொடக்கூடாது.

ஓடக்காரனாக ஐசக். மனைவியாக ஜெரூஷா, பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அவள் நிஜமாகவே ஒருவருக்கு மனைவி. அவள் கணவர் ஆரோன் தினமும் ஒத்திகைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, முடியும்வரை காத்திருந்து, கூட்டிக்கொண்டு போவார்.

"பேசாம உங்க வீட்டுக்காரரையே ஓடக்காரனா போட்டுட்டா கமிட்டித் தொல்லையே இல்லம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி. "ஆனா அவர் வாயத் தொறந்தாருன்னா வெள்ளம் பயந்து வந்த வழியே திரும்பிடும்."

ஆரோன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மேடையின் இடப்பக்கத் திரைமறைவில் ஒரு மர ஸ்டூல், கையில் டார்ச், கழுத்தில் மஃப்ளர், எப்போதும் கோடாலித் தைல வாசனை. அந்த மறைவுக்குள் நுழைந்தால் இருட்டிலும் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

தொடக்கூடாது என்றதற்கு தட்சிணாமூர்த்தி கண்டுபிடித்த வழிதான் கயிறு. கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிவந்த கனமான தேங்காய்நார்க் கயிறு. "கயித்தத் தொடறதுக்கு எந்தக் கமிட்டியும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். கடைசிப் பாட்டில் ஜெரூஷா மேடை நடுவில் ஒரு முனையைப் பிடித்து நிற்பாள். ஐசக் இடப்பக்கம், திரைமறைவுக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து நிற்பார். கயிறு அவருடைய இரண்டு கைகளுக்குள் புகுந்து, இடது அக்குளுக்குக் கீழே போய், பின்னால் திரைமறைவில் ஆரோன் கையில் முடியும். வெள்ளத்தில் ஓடம் தள்ளாடுவதற்கு ஏற்ப ஆரோன் அதை இறுக்கியும் தளர்த்தியும் கொடுக்க வேண்டும்.

இருவரும் மாறிமாறிப் பாடுவார்கள். பிறகு வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த அமைதியில், எந்தத் துணையும் இல்லாமல், அவள் கடைசிச் சரணத்தைத் தானாகவே எடுக்க வேண்டும்.

*இருட்டுக்குள் நின்றாலும் இழுத்துப் பார் கண்ணே,*
*கயிறிருக்கும் மட்டும் நான் இருப்பேன்.*

அந்த இடத்தில் நடந்ததுதான் ஐசக்கின் வாழ்க்கை.

பாடுவதற்கு முன் ஜெரூஷா கயிற்றை லேசாக ஒருமுறை இழுப்பாள். பார்வையாளர்களுக்குத் தெரியாது. ஐசக்கின் உள்ளங்கையில் தெரியும். அவர் தன் சுண்டுவிரலால் கயிற்றை ஒருமுறை அழுத்துவார். அவள் கண் நிமிரும். முகம் விளக்கேற்றினாற்போல் ஆகும். அவரை நேராகப் பார்த்துப் பாட ஆரம்பிப்பாள். சொல்லிவைத்துச் செய்ததில்லை. முதல் நாள் அவள் இழுத்தாள், அவர் அழுத்தினார். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே. ஹாலில் கைதட்ட மறந்து உட்கார்ந்திருப்பார்கள். வெளியே போகும்போது, "நடிப்பா அது? அந்தப் பார்வையப் பாத்தீங்களா?" என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். அது ஆரோன் காதிலும் விழுந்திருக்கும்.

மேடையை விட்டு இறங்கினால் அவள் அவரை "அண்ணா" என்பாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். ஊர் வாய்க்கு ஒரு மூடி என்று ஐசக் அதை எடுத்துக்கொண்டார். எட்டு ஊரில் நாடகம் நடந்தது. தட்சிணாமூர்த்திக்கு மாற்றல் வந்ததும் குழு கலைந்தது. அவர் எதையும் கேட்கவில்லை, அவளும் எதையும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆரோன் கேக் கொண்டுவருவார். "சார், நீங்க அங்க நின்னாத்தான் அவளுக்குப் பாட்டு வருது" என்று ஒருமுறை சொன்னார். ஐசக்கால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது ஆரோன் போய்விட்டார். கல்லறைக்கு நாலைந்து பேருக்குமேல் விடவில்லை. ஜெரூஷா போன் செய்தாள். "அண்ணா, அவர் போயிட்டார்" என்றாள். ஐசக் போனைக் கீழே வைத்தார். ஆரோனுக்காகக் கண் கலங்கியது. கலங்கிக்கொண்டிருக்கும்போதே, கூப்பிடாமல் ஒரு நினைப்பு வந்து நின்றது: இனிமேல்?

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து ஆரோன் அவரை விடவும் இல்லை. கனவிலெல்லாம் வரவில்லை. பல் துலக்கும்போதும், மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், இடது தோளுக்குப் பின்னால், அந்தப் பழைய தூரத்தில், ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். சில நாள் திரும்பாமலே இருந்துவிடுவார்.

போன வருஷம் ஆடி மாதத்தில் தட்சிணாமூர்த்தியின் மகள் தமிழினி அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. சனி ஞாயிறில் நாடகம். அப்பா போட்ட நாடகத்தை அதே ஹாலில் மறுபடி போட வேண்டும் என்றாள்.

"நல்ல விஷயம்மா. ஓடக்காரனா யாரு?"

"நீங்கதான் அங்கிள்."

"எனக்கு முட்டி வலிம்மா."

"ஓடக்காரனுக்கும் வலிக்கட்டும். கிழவன் கிழவியா மாத்திட்டேன். முடிச்சூர்ல வெள்ளம் பார்த்த ஜனங்க உட்கார்ந்து பாக்கப்போறாங்க. சின்னப் பசங்க டூயட் பாடினா சிரிப்பாங்க. நீங்களும் ஜெரூஷா ஆன்ட்டியும் நின்னாதான் இது நிக்கும். அந்தக் கெமிஸ்ட்ரி இருக்கே, அப்பா சாகிறவரைக்கும் அதைப் பத்தித்தான் பேசிட்டிருந்தார்."

"ஜெரூஷா ஒத்துக்கிட்டாளா?"

"நீங்க ஒத்துக்கிட்டா சரின்னாங்க."

அந்தப் பதிலை ஐசக் பல நாள் மனதில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அறுபதைத் தொட்ட மனிதர் புதுச் சட்டை எடுத்தார். ரத்தினபாய் பார்த்தாள், அன்று மட்டும் எதுவும் குத்தவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டுவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அந்தக் கயிற்றில் வந்தது என்ன என்று நாடகம் முடிந்த பிறகு ஒரே ஒரு முறை. பதில் எதுவானாலும் சரி.

ஜெரூஷா இப்போது மகளோடு கோவிலம்பாக்கத்தில் இருந்தாள். மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட தூசி படிந்த ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. ஹாலுக்குள் வந்ததும் முதலில் இடப்பக்கத் திரைமறைவைத்தான் எட்டிப் பார்த்தாள். பழைய மர ஸ்டூல் அங்கேயே கிடந்தது. யாரோ அதன்மேல் பெயின்ட் டப்பா வைத்திருந்தார்கள். அவள் டப்பாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?"

"இருக்கேன்மா."

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. இருவர் குரலும் ஒரு படி இறங்கியிருந்தது; அது நாடகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. கீபோர்டு வாசித்த ராகவேந்திரா, பழைய குழுவில் தபேலா வாசித்தவன், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் விசிலடித்தான். திரைமறைவில் இப்போது ஆள் தேவையில்லை. வசனம் ஞாபகம் இருந்தது. கயிற்றின் வாலைச் சுவரில் ஓர் ஆணியில் கட்டினார்கள்.

பிறகு கடைசிப் பாட்டுக்கு வந்தார்கள்.

வாத்தியம் நின்றது. அமைதி. ஐசக்கின் உள்ளங்கையில் அந்தச் சிறு இழுப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் மாறாமல் அதேதான். சுண்டுவிரலால் அழுத்தினார்.

ஜெரூஷா பாடவில்லை.

மறுபடி அழுத்தினார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எதற்காகவோ காது கொடுத்துக் காத்திருப்பவளைப்போல் நின்றாள். கடைசியில், "ஸாரி தமிழினி, எடுக்க வரலை" என்றாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். சில முறை ராகவேந்திரா ஒரு சுரத்தைத் தொட்டுக் கொடுத்தான். அவள் எடுத்தாள், ஆனால் அது வெறும் பாட்டாக வந்தது. முகத்தில் அந்த விளக்கு ஏறவில்லை. தமிழினி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"கயிறுதான் தடங்கல். அப்போ கமிட்டி இருந்தது, கயிறு வேணும். இப்போ எதுக்கு? கையைப் பிடிச்சுக்கங்க ரெண்டு பேரும்."

"கமிட்டிக்காரங்க கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடப்போறாங்க" என்றான் ராகவேந்திரா.

"நீங்க சும்மா இருங்கண்ணா. ஆன்ட்டி, அங்கிள், ப்ளீஸ்."

ஐசக் கையை நீட்டினார். வாழ்நாளில் முதல் முறையாக அவள் கை அவர் கைக்குள் வந்தது. பஸ்ஸில் பக்கத்து ஆள் இறங்கக் கை கொடுத்ததுபோல் இருந்தது. அவள் பணிவாக, நல்லபடியாகத்தான் பிடித்திருந்தாள். அவருக்கு வியர்த்தது. இருவரும் ரேஷன் கடையில் அடையாளத்துக்கு விரல் வைக்கக் காத்திருப்பவர்களைப்போல் நிற்கிறார்கள் என்று ராகவேந்திரா சொன்னபோது ஹாலே சிரித்தது. ஜெரூஷாவும் சிரித்தாள். ஐசக் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் கயிறு கொண்டுவந்தது இந்தக் கையில் இல்லையே என்றிருந்தது.

இடைவேளையில் இருவரும் ஹால் வாசல் வேப்பமரத்தடியில் டீ டம்ளரோடு நின்றார்கள். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்குமேல் வட்டமடித்துப் போயிற்று.

"என்னால உங்களுக்கெல்லாம் கஷ்டம்ண்ணா."

"அதெல்லாம் இல்லம்மா."

"கயித்த ஆணியில கட்டினா எப்படி வரும்? நான் இழுக்கிறேன், பதிலே வரலை."

ஐசக் டம்ளரை இறுகப் பிடித்தார். "நான்தான் அழுத்தினேனே."

"நீங்க அழுத்தினீங்களா?" அவள் வியப்போடு பார்த்தாள். "எனக்குத் தெரியலையேண்ணா. நான் சொல்றது அவரை. நான் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுப்பேன், இருக்கீங்களான்னு. அவர் உள்ளேருந்து ஒண்ணு இழுப்பார், இருக்கேன், பாடுன்னு. டார்ச்சைத் தாடைக்குக் கீழ வச்சு ஒரு மூஞ்சி காட்டுவார். சிரிப்பு வந்துடும் எனக்கு. சிரிச்சா பயம் போயிடும், பாட்டு வந்துடும்." அவள் டீயின் ஆடையை விரலால் எடுத்துப் போட்டாள். "உங்களுக்குத் தெரியாததா? உங்க கை வழியாத்தானே போகும் எல்லாம்."

மரத்தில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது.

"தெரியுமே" என்றார் ஐசக்.

அன்று ஒத்திகை முடிந்து அவர் வீட்டுக்கு நடந்தே போனார். காய்கறிக் கடை அக்கா கூப்பிட்டது காதில் விழவில்லை. ஜெரூஷா பார்த்தது அவரைத்தான் என்று ஊர் சொன்னது, அவர் நம்பினார். அவர் இடது தோளுக்குமேல் ஒரு சாண் தூரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் இருந்திருக்கிறது. ஆரோன் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவர் தோளைத் தொட்டு, "கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க சார், லைட் மறைக்குது" என்பார். அவரும் அரை அடி நகர்வார். எந்த லைட் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கயிறு பின்னால் சற்று நகர்வதும் அவருக்குத் தெரியும். ஓடத்தை ஆட்டுகிறார் என்று நினைத்திருந்தார்.

அவர்கள் அவரை ஏமாற்றவில்லை. கோபப்படக்கூட ஆளில்லை என்பதுதான் அவரை அதிகமாக அலைக்கழித்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், பின்னால் அந்த ஸ்டூல் மனிதர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். ஐசக் முதல் முறையாக வாய்விட்டுப் பேசினார்.

"உம்ம பொண்டாட்டியத்தான் பாத்துட்டிருந்தீரா? அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த ஒத்திகையில் ஜெரூஷாவே கேட்டு, கயிற்றின் வாலை ராகவேந்திரா பிடித்தான். அவள் இழுத்தாள். அவன், முரண்டு பிடிக்கும் ஆட்டை இழுக்கிற மாதிரி வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தான். ஐசக்கின் கை எரிந்தது. ஜெரூஷா ஓரடி தடுமாறி, சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கல்லறையில் அழாதது, போனில் அழாதது எல்லாம் அந்த மேடையில் வந்தது. எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வேற யார் கையும் வேண்டாம்மா" என்றாள் தமிழினியிடம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த சனிக்கிழமைக்குள்ள எனக்கு வரலைன்னா நீ நாடகத்தைத் தள்ளி வச்சு வேற ஆளைப் பாத்துக்கோ. இப்படி அரைகுறையா அவர் இல்லாத இடத்துல நின்னு பாட என்னால ஆகாது."

தமிழினி ஐசக்கைப் பார்த்தாள். ஜெரூஷா விலகட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்கும் விடுதலை. ஓடக்காரர் என்று யாரும் கூப்பிடாத ஒரு தெருவுக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விடலாம். "பார்க்கலாம்" என்றார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் மாடியில் துணி எடுக்கப் போனார். கொடிக்கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அதைக் கையில் சுற்றி இழுத்துக் கட்டும்போது மறுமுனையில் நனைந்த போர்வை காற்றில் அசைந்தது. கயிறு அவர் உள்ளங்கைக்குள் ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

ஐசக் அப்படியே நின்றார். கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அது இல்லை. ஆரோனுடையது இன்னும் மெதுவாக இருக்கும். முதலில் கயிறு இறுகும், ஒரு மூச்சு விடுகிற நேரம் அப்படியே இருக்கும், பிறகு ஒரு விரற்கடை பின்னால் போகும், உடனே விட்டுவிடாது. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அவர் அதை என்றும் கவனித்ததில்லை. கவனிக்காமலே உள்ளங்கை அதை வைத்திருந்திருக்கிறது. ஜெரூஷாவுக்கு வந்து சேர்வதற்கு முன்னால் அது ஒவ்வொரு முறையும் அவர் கையைக் கடந்துதான் போயிருக்கிறது. ஆரோனின் கை இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற இடம் இது ஒன்றுதான்.

துணி எல்லாம் நனைந்துபோயிற்று. ரத்தினபாய் வந்தபோது அவர் கொடிக்கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, முதுகைக் காட்டி நின்று, இடது கையால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ற?"

"ஒத்திகை."

அவள் தூக்குவாளியை மேசைமேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுட்டுப் பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஒத்திகை நடக்கவில்லை. மழையில் ஹாலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீரை வாரிக் கொட்டி, ஞாயிறு மாலை நேராக நாடகம் என்றாயிற்று. ஜெரூஷா வந்தாள். "டிக்கெட் குடுத்தாச்சாம். இன்னிக்கு ஒரு நாள் எப்படியோ ஒப்பேத்திடறேன்ண்ணா" என்றாள். அவள் கண்ணில் ஒரு மனிதரைக் கைவிடப் போகிறவளின் களைப்பு இருந்தது.

ஹால் நிரம்பியது. மேடையில் நீலத் துணி அலையடித்தபோது முன்வரிசையில் ஒரு பெண்மணி தன்னையறியாமல் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். வெள்ளம் பார்த்த ஊர். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஐசக் தன் இடத்துக்கு வந்து கயிற்றைக் கைக்குள் வாங்கினார். யாரும் தோளைத் தொடவில்லை. அவரே அரை அடி நகர்ந்து நின்றார். ஜெரூஷா அதைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

வாத்தியம் நின்றது. மின்விசிறிச் சத்தம். வெளியே தண்டவாளத்தில் ஒரு ரயில் போய் ஓய்ந்தது.

அவள் இழுத்தாள். பழக்கத்தில், நம்பிக்கையில்லாமல், மிக லேசாக.

ஐசக் சுண்டுவிரலை அசைக்கவில்லை. அழுத்த வேண்டும் என்று அது துடித்தது. வலது கையைத் தளர்த்தி, முன்கூட்டியே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்த இடது கையின் விரல்களை மெல்ல மடக்கினார். கயிறு இறுகியது. ஒரு மூச்சு நின்றது. ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. அவர் கைதான் அதைச் செய்தது என்று அவர் நினைத்தார். ஆனால் மாடியில் எத்தனை முறை முயன்றும் அந்த விடுதல் இத்தனை மெதுவாக வந்ததில்லை. கயிற்றைத் தான் இழுத்தோமா, போகிற கயிற்றோடு தன் கை போயிற்றா என்று அவருக்குத் தெரியவில்லை. கோடாலித் தைல வாசனை வந்ததா என்று மோந்து பார்க்கத் தைரியமில்லை. திரும்பவும் இல்லை.

ஜெரூஷாவின் கண் நிமிர்ந்தது. அவர் தோளுக்குமேல், ஒரு சாண் தள்ளி, இருட்டைப் பார்த்தது. முகத்தில் அந்த விளக்கு ஏறியது. சிரிப்பை அடக்குகிற மாதிரி உதடு ஒருமுறை மடங்கியது. பாடினாள்.

இத்தனை கிட்டத்தில் நின்று அந்த முகத்தை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தனக்கில்லை என்று தெரிந்து பார்த்தது அன்றுதான். அது முன்னைவிட அழகாக இருந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

முடிந்த பிறகு தமிழினி ஓடிவந்து இருவரையும் கட்டிக்கொண்டாள். "அங்கிள், இதைத்தான் அப்பா சொன்னாரு! எங்க வச்சிருந்தீங்க இத்தனை நாளா?" ஆட்கள் வந்து கை குலுக்கினார்கள். யாரோ ஒருவர் இன்னொருவரிடம், "அந்தப் பார்வையப் பாத்தியா?" என்று தாழ்ந்த குரலில் சொல்வது காதில் விழுந்தது.

கூட்டம் குறைந்ததும் ஜெரூஷா அவரிடம் வந்தாள்.

"உள்ள யார்ண்ணா பிடிச்சிருந்தது?"

"யாருமில்லம்மா. ஆணியிலதான் கட்டியிருந்தது."

"எனக்கு வந்ததே."

ஐசக்கின் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை ஏறியது. 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். வாழ்க்கை முழுக்க அவளிடம் சொல்ல விரும்பியதும் அதே வார்த்தைதான். இன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது, பாதியாவது.

"வந்ததா?" என்றார்.

"அவர் கைதாண்ணா." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதா அவர் கை?"

"உனக்குத் தெரியாம யாருக்கும்மா தெரியும்."

மகள் ஆட்டோவோடு வாசலில் நின்றாள். ஜெரூஷா போகும்போது திரைமறைவைத் திரும்பிப் பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவள் உள்ளே இருப்பவரிடம் சொல்வதுபோல், தலையை லேசாக அசைத்தாள்.

கயிற்றைச் சுருட்டி வைக்க ஐசக் உள்ளே போனார். ஆணியில் முடிச்சு அவர் போட்டது போலவே இருந்தது. கால் வலித்தது, அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அங்கே உட்கார்ந்ததில்லை. மேடையில் ஜெரூஷா நின்ற இடம் நேரே தெரிந்தது. நடுவில், தரையில், தமிழினி சாக்பீஸால் போட்டிருந்த குறி. அவர் நிற்க வேண்டிய இடம். அந்தக் குறியில் ஒருவர் நின்றால் அவள் முகம் மொத்தமாக மறைந்துவிடும். வெறும் முதுகுதான் தெரியும். அரை அடி நகர்ந்தால் மறைக்காது.

எட்டு ஊரிலும் ஆரோன் அவரிடம் கேட்டது அந்த அரை அடிதான். அதையும் லைட் என்று சொல்லி, சங்கடப்படுத்தாமல் கேட்டிருக்கிறார்.

மேடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான் ராகவேந்திரா.

"ஓடக்காரரே! ஹாலப் பூட்டணும், வூட்டுக்குப் போவலாமா?"

அந்தப் பெயருக்கு ஐசக் உடனே திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறான் என்று இருந்தார். பிறகு எழுந்து, கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.